மாப்பிள்ளை வண்டியின் ரேடியேட்டரைக் கழுவிய விவரம்

கடல்மேல் இருக்கும் மாப்பிள்ளைக்கு, கரைமேல் இருக்கும் மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி, உங்கள் மனைவியின் வயிற்றில் இருப்பது ஆக நால்வரும் சுகம். உங்கள் சுகத்தையும் கப்பலின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். வண்டியின் சுகத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டியிருப்பதால் அதை இந்தப் பாராவில் சேர்க்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு ஹால் நடுவில் வைத்துவிடுகிறாள். நான் வாயைத் திறந்தால் சமையலறையிலிருந்து திருத்தம் வருகிறது. என் முறை வரும்போது நீங்கள் "நல்லா இருக்கீங்களா மாமா" என்கிறீர்கள், நான் "இருக்கேன் மாப்பிள்ளை" என்கிறேன், அதோடு சிக்னல் போய்விடுகிறது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கம்பெனி ஏஜென்ட் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் கொடுப்பார்கள். என் தரப்பு நியாயம் வெட்டுப்படாமல் வந்து சேர எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களுக்கு வேறு யாராவது முந்திக்கொண்டு ஏதாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை மறந்துவிட்டு இங்கிருந்து படிக்கத் தொடங்கவும்.

புறப்பட்ட அன்று சாவியைக் கொடுத்து நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "மாமா, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிட்டா போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு வண்டி ரெடியா இருக்கணும், அவ்வளவுதான்." இதில் இரண்டாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் ஒன்றோடொன்று மோதுவதை நீங்கள் கவனிக்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் ஒரு பொருள் எப்படி ரெடியாக இருக்கும்? முப்பத்திரண்டு வருடம் குடிநீர் இலாகாவில் தர ஆய்வாளராக இருந்தவன் நான். ஒன்றும் செய்யாமல் விட்ட தொட்டியில் என்னென்ன வளரும் என்பதற்கு என்னிடம் ரிப்போர்ட்டே இருக்கிறது. அதோடு, ரிட்டயர் ஆன இந்த நாலு வருடத்தில் என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் வேலை இது. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே வேலை காய்ந்த துணியை மடிப்பது. நான் மடித்ததை உங்கள் மாமியார் பிரித்து மறுபடி மடிக்கிறாள். அப்படிப்பட்டவன் கையில் நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். என் மகளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று அன்றைக்கே மனதில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூன்று முறை தனியாகப் போய் ஒத்திகை பார்த்தேன். பத்தொன்பது நிமிடம், நாலு சிக்னல், பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்தால் இருபத்தாறு நிமிடம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் திங்கட்கிழமை காலை பானெட்டைத் திறந்து சும்மா பார்த்தேன். சும்மா பார்ப்பது "வேற ஒண்ணும்" என்பதில் சேராது என்று நினைக்கிறேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கூலன்ட் ஊற்றிவைக்கும் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதல்லவா, அது பழுப்பாகத் தெரிந்தது. பச்சையாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தால் என் போன்றவன் சும்மா இருப்பானா? அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு மேனேஜர் இறங்கி வந்தார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வைத்திருந்ததில்லை, ஓட்டவும் தெரியாது, ஆனால் கார் சம்பந்தமான வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறவர். டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "கூலன்ட் போச்சு சார். இன்ஜின் சூட்டை இதுதான வாங்கிட்டுப் போய் ஆத்திட்டு வருது. பொண்ணைக் கூட்டிட்டுப் போற வழியில கொதிச்சு நின்னுதுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் என்ன பண்ணுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "அது பாட்டுக்கு ஓடுதுல்ல, ஓடட்டும் விடுங்க" என்றாள். இந்த மனப்பான்மையை எதிர்த்துத்தான் முப்பத்திரண்டு வருடம் போராடினேன்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் மேனேஜர், "இதுக்கெல்லாம் மெக்கானிக்கா சார்? பழசை இறக்கணும், தண்ணி விட்டு அலசணும், புதுசை ஊத்தணும், மூணே வேலை" என்றார். தண்ணீர் விட்டு அலசுவது என்று ஒருவர் என்னிடமே சொன்னால் நான் எப்படிப் பின்வாங்குவது? செவ்வாய்க்கிழமை காலை, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே, மூடியைத் திறந்து, அடியில் படுத்தேன். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கிறது. மேனேஜர் மேலே நின்று போனைப் பார்த்து, "இடது பக்கம் சார், இல்ல இல்ல, வீடியோ எடுத்தவனுக்கு இடது பக்கம்" என்று வழிகாட்டினார். திருகு அசையவில்லை. கொறடு வைத்துத் திருப்பினேன், அதன் காது உடைந்து என் நெற்றியில் விழுந்தது, அதற்குப் பின்னாலேயே கூலன்ட் என் சட்டைக் கைக்குள் இறங்கி அக்குள் வரை போனது. பிடிப்பதற்குப் பாத்திரம் வைக்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேனேஜர் ஓடிப்போய் வராந்தாவில் இருந்த ஒரு தொட்டியைத் தூக்கி வந்து தள்ளினார், அது வண்டிக்கு அடியில் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்ட உங்கள் மாமியார் வாங்கிவைத்திருந்த புதுத் தொட்டி அது என்பதை நான் அடியில் படுத்திருந்ததால் பார்க்க முடியவில்லை. மேனேஜர் பார்த்திருக்கலாம். தொட்டியில் வாத்து படம் வேறு போட்டிருந்தது.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தத் தண்ணீரை இறக்கினாலும் மாதிரி எடுக்காமல் நான் இறக்கியதில்லை. ஜூஸ் வந்த சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை உங்கள் மனைவி கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டினேன். மாதிரி எண் ஒன்று, காலை 9.40, நிறம் பச்சை, கலங்கல் இல்லை, வாசனை லேசான இனிப்பு, சுவை பார்க்கப்படவில்லை. பிறகு உடைந்த திருகை டேப் சுற்றி மாட்டிவிட்டு, தண்ணீரை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, இறக்கி, ஒவ்வொரு அலசலுக்கும் ஒரு மாதிரி. இப்படிச் செவ்வாயும் புதனுமாகப் பதினோரு மாதிரி எடுத்தேன். மாதிரிகளைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது இலாகா விதி. வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருக்கிறது. பிரிட்ஜில், இரண்டாவது தட்டில், வரிசை மாறாமல் அடுக்கிவைத்தேன்.

ஒவ்வொரு அலசலின்போதும் ஹீட்டரை முழுக்கத் திறந்துவைக்க வேண்டுமாம். அப்போதுதான் உள்ளே இருக்கும் குழாய்களிலும் தண்ணீர் ஓடுமாம். தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது, சூடு ஏறினால்தான் திறக்கும், அதுவரை காத்திருக்க வேண்டும். கடலையே விட்டு இன்ஜினைக் குளிரவைக்கிற உங்களுக்கு நான் இதையெல்லாம் சொல்கிறேன், மன்னிக்கவும். உச்சி வெயிலில், சூடு வீணாகப் போகக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சூடு காட்டும் ஊசியைப் பார்த்தபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். உங்கள் மாமியார் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "என்ன பண்றீங்க உள்ள?" "தெர்மோஸ்டாட் தொறக்கறதுக்காகக் காத்திட்டிருக்கேன்." "அது தொறக்கறது இருக்கட்டும், முதல்ல நீங்க கதவைத் தொறந்து வெளிய வாங்க." வந்தேன். நிற்க முடியவில்லை. மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார் நல்லா பண்றாரும்மா" என்று அவளிடம் சர்டிபிகேட் கொடுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டு படி மேலே ஏறிவிட்டார்.

பதினோராவது மாதிரியிலும் வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் பச்சை தெரிந்தது. இந்த நிலையில் ஒரு தொட்டியைத் தேறியதாக நான் என் சர்வீஸில் எழுதியதில்லை. எந்தத் தொட்டியைக் கழுவினாலும் கடைசியில் பிளீச்சிங் பவுடர் போட்டு அரைமணி நேரம் ஊறவிட்ட பிறகுதான் என் கையெழுத்து விழும். வியாழக்கிழமை காலை கை தானாகப் போனது. கணக்குப்படி பார்த்தால் ஒரு சிட்டிகை போதும். பிரசவத்துக்குப் போகிற வண்டி என்பதால் ஒரு கரண்டி போட்டேன். இன்ஜினை ஓடவிட்டதும் நீச்சல்குளத்து வாடை தெருமுனை வரை போனது. மேனேஜர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "சார், வீடியோவுல இது வரலையே" என்றார். "வீடியோ எடுத்தவனுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிறகு அதை இறக்கி, நாலு முறை அலசி, கடையில் வாங்கிய புதுக் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, வாய்வரை ஊற்றி, மூடியை இறுக்கி மூடினேன். நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டார்ட் செய்தேன். ஊசி ஏறியது. பாதியில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. ஹீட்டரில் கை வைத்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று காற்று வருகிறது, ஊசியோ சிவப்புக்குப் போய்விட்டது. நான் அணைப்பதற்குள் பானெட்டின் நாலு பக்கத்திலிருந்தும் ஆவி கிளம்பி, கேட்டுக்கு உள்ளேயே, வீட்டு வாசலிலேயே வண்டி நின்று புகைந்தது. எந்த ஒன்று நடந்துவிடக் கூடாது என்று நாலு நாள் பாடுபட்டேனோ அதை நானே என் கையால் நடத்திக் காட்டிவிட்டேன். ஜன்னலில் உங்கள் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், "இதுலயாப்பா நான் போகணும்?" என்று கேட்டாள்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், உள்ளே போய், குடிக்க ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து நீட்டினாள். நல்ல பச்சை நிறம். எதையும் வாயருகே கொண்டுபோகும் முன் மூக்கருகே கொண்டுபோகிற என் உத்தியோகப் பழக்கம் அந்த இடத்தில் கைகொடுத்தது. அது ஜூஸ் இல்லை, மாதிரி எண் ஒன்று; கூலன்ட் விஷம். பிரிட்ஜ் ஈரத்தில் லேபிள்கள் எல்லாம் பசை விட்டுக் காய்கறித் தட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அந்த நிமிடம் நான் கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, "நீ குடிச்சியா?" என்று கத்தினேன். "இல்லப்பா, முதல்ல உங்களுக்குத்தான் ஊத்தினேன், ஏன்?" என்றாள். மாப்பிள்ளை, என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. இதை உங்களிடம் மறைப்பது தர்மமில்லை என்பதால்தான் இந்தக் கடிதமே.

உங்கள் மாமியார் பதினோரு பாட்டில்களையும் இடுக்கியால் எடுத்து வெளியே வைத்தாள், வாத்துத் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இனிமே நீங்க அந்த வண்டிப் பக்கம் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டி சொல்லியாச்சு." டிரைவர் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டியும்விட்டாள். "அப்ப நான்?" என்றேன். "நீங்க பின்னாடியே பஸ்ல வாங்க."

மறுநாள் மெக்கானிக் வந்தார். அவள்தான் கூப்பிட்டிருந்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "யாரு சார் பண்ணது?" என்றார். நான் மேனேஜரைத் தேடினேன், அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் என்றதும் அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார். "சார், இது குடிக்கிற தண்ணி இல்ல சார். உள்ள இருக்கறது அலுமினியம், அரிச்சுடும்." அவர் மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, அலசி, ஒரு குழாயையும் தெர்மோஸ்டாட்டையும் உடைந்த திருகையும் மாற்றினார். வண்டியின் முன்பக்கத்தை உயரமாக நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்தே ஓடவிட்டு, குமிழி குமிழியாகக் காற்று வெளியேற வெளியேறக் கூலன்ட்டை ஊற்றினார். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருந்ததாம். நான் நிறைந்துவிட்டது என்று நினைத்ததில் பாதி காற்றாம். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. கடைசியில் மனம் கேட்காமல், "பழசு ரொம்ப மோசமாத்தான் இருந்துது, இல்லையா?" என்று கேட்டு, கிளாஸில் ஊற்றியது போக மிச்சமிருந்த முதல் மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது நல்ல கூலன்ட் சார். இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடியிருக்கும். அந்த டப்பா பழசு, பிளாஸ்டிக்குதான் பழுப்பேறியிருக்கு." உதிர்ந்த லேபிளை எடுத்துப் பார்த்தேன். நிறம் பச்சை, கலங்கல் இல்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதினேனே தவிர நான் அதைப் படிக்கவில்லை. இலாகாவிலும் ரிப்போர்ட்டுகளை எழுதத்தான் எழுதினோம், படித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, வண்டிப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வார்த்தையை மீறியதற்கும், உங்கள் ரேடியேட்டருக்குள் பவுடர் போட்டதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பாட்டில்களுக்கும், வயதில் பெரியவன் என்று பார்க்காமல் மன்னிப்பு கேட்கிறேன். நீங்கள் திரும்பி வரும்வரை அந்த வண்டியின் கதவைக்கூடத் தொட மாட்டேன். வாடகை வண்டிக்காரர் நல்ல மாதிரி, இருபது வருட அனுபவம் என்கிறார்கள். எனக்குப் பஸ் ரூட் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதில் இறங்கவில்லை. அவளை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் இறங்கினேன். பயந்தவன் கையில் கொறடு கொடுக்கக் கூடாது என்பது இப்போது புரிகிறது. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

அலை அடங்கி, இன்ஜின் உங்கள் சொல் கேட்டு, மேலதிகாரி குறுக்கே வராமல், போன காரியம் முடிந்து நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மாமியார் உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
வண்டி விஷயம் நீங்கலாக மற்ற எல்லா விஷயத்திலும் நீங்கள் நம்பத்தக்க
மாமனார்.

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதத்தை நேற்றுக் காலை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் மனைவிக்கு வலி வந்துவிட்டது. சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக. இருபது வருட அனுபவமுள்ள வாடகை வண்டிக்காரர் "அஞ்சு நிமிஷத்துல இருக்கேன்மா" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைக்குப் பிறகு உங்கள் மாமியார் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "பாத்து ஓட்டுங்க" என்றாள், அவ்வளவுதான். பின்சீட்டிலிருந்து உங்கள் மனைவி என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது சிக்னலில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, ஊசியைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்றாள். இரண்டையும் பார்த்தேன். ஊசி பாதியைத் தாண்டவில்லை. பதினேழு நிமிடம்.

ஆகவே மேற்படி கடிதத்தில் நான் கேட்ட மன்னிப்பில், பாட்டில்களுக்குக் கேட்டது தவிர மற்ற அனைத்தையும் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ராஜினாமாவும் வாபஸ். கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். பெண் குழந்தை பிறந்த செய்தி இது உங்கள் கைக்கு வரும் முன்பே போனில் வந்திருக்கும். எடை என்ன, அழுகை எப்படி, மூக்கு யார் மாதிரி என்பதெல்லாம் விவரமாகச் சொல்லியிருப்பார்கள். வண்டியை யார் ஓட்டியது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் ஓட்டினேன்.